சேர்வராயன் மலையில் எழுத்துருக் குடிக்கணக்கு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டிக் கரடியூர் போகிறவர்கள் காட்சிமுனையில் நின்று படம் பிடிப்பது வழக்கம். இந்த ஆய்வின் களம் அதற்குச் சற்று முன்னால், மிளகுக்கொடி படர்ந்த ஒரு வீட்டுத் திண்ணை. ஆய்வுப் பொருள்: தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று. அதற்குள் எத்தனை தமிழ் எழுத்துருக்கள் குடியிருக்கின்றன என்பதே கேள்வி. அறிஞர் பெருமக்கள் இதை இதுவரை தீண்டாதது ஏன் என்பது வேறொரு முனைவர் பட்டத்துக்குரியது.

அந்தக் கணினியில் இரட்டைக் குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ் 7, மறுபக்கம் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ். விண்டோஸ் பக்கம் வேலை சுலபம். ஃபான்ட்ஸ் பெட்டியைத் திறந்தால் லதாவும் விஜயாவும் எட்டிப் பார்ப்பார்கள். விண்டோஸ் 2000 காலத்திலேயே குடிவந்த லதாதான் மூத்தவர்.

லினக்ஸ் பக்கம் கணக்கெடுப்பாளர் தேவை. அவர் பெயர் 'எஃப்சி-லிஸ்ட்'. கீத் பேக்கர்ட் எழுதிய ஃபான்ட்கான்ஃபிக் என்ற மென்பொருளோடு வருபவர். டெர்மினலில் அந்தப் பெயரைத் தட்டினால் ஒவ்வொரு எழுத்துருவும் எந்தக் கோப்பில், என்ன பெயரில், எந்தத் தடிமனில் இருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிப்பார். மொழி 'டிஏ' என்று சேர்த்துக் கேட்டால் தமிழ் தெரிந்தவர்களை மட்டும் பிரித்துக் காட்டுவார்.

அப்படிப் பிரித்தபோது சிக்கியவர்களில் கவனத்துக்குரியவர், களஞ்சியத்திலிருந்து இறக்கிய லோகித் தமிழ் கிளாசிக்கல். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்தை இவர் ஏற்கவில்லை. 'யானை' என்று அடித்தால் 'னை'யின் முன்னால் பழைய தும்பிக்கை முளைக்கிறது. பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான எழுத்துரு வேறில்லை என்பது ஆய்வாளரின் கட்சி.

சிக்கல் பாமினியால் வந்தது.

ஏற்காட்டு ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கப் பயன்படும் பாமினியைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவியாயிற்று. மொத்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது. 'டிஏ' போட்டதும் ஆளைக் காணவில்லை! காரணம், கணக்கெடுப்பாளர் முகம் பார்ப்பதில்லை, கதவெண்தான் பார்க்கிறார். யூனிகோடில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். பாமினி பிறந்ததோ யூனிகோடு பரவுவதற்கு முன்பு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ என்ற நான்கு விசைகளும் ஓர் அரைப்புள்ளியும் வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை, அர்த்தமற்ற ஆங்கிலந்தான். தாலுகாவில் பாதி மனுக்களைத் தாங்குகிறவருக்குக் குடியுரிமை கிடையாது!

கணக்கெடுப்பாளரின் தம்பி 'எஃப்சி-மேட்ச்' இன்னும் வில்லங்கம் பிடித்தவர். பாமினியை நீக்கிவிட்டு அவரிடம் பாமினியைக் கேட்டால், இல்லை என்று சொல்ல வாய் வராது. டெஜாவு சான்ஸ் என்று யாரோ ஒருவரைக் கூசாமல் முன்னே தள்ளுவார். "வட்டாட்சியர் அவர்களுக்கு" என்று பணிவாகத் தொடங்கிய மனு, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் முட்டிமோதும் வசைபோல விரிவது அப்படித்தான்.

இதற்கு ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ட தீர்வு கட்டளையெதுவும் கேட்காதது. "தம்பி, ஃபைல மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, பாமினியையும் கூடவே கூட்டிட்டுப் போங்க" என்கிறார். பிடிஎஃப் ஆக்கினால் எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்து போய்விடுமே என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். அதற்குத் தனியாக 10 ரூபாய் ஆகும் என்று பதில் வந்தது.