வட்டப் பிரியர்

புள்ளிவிவரம் என்ற ஒன்று எந்த அலுவலகத்தில் அடியெடுத்து வைத்தாலும், அதன் பின்னாலேயே, மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பைத்தான் மொழியில் பத்து வரி எழுதி எதையும் படமாக்கிவிடும் சாமர்த்தியத்தோடும், அது எந்தப் படம் என்பதை எண்களைக் காண்பதற்கு முன்பே தீர்மானித்துவிட்ட மன உறுதியோடும் ஓர் அன்பர் வந்து சேருகிறார். சகல சராசர வஸ்துக்களும் ஒரு வட்டத்தின் துண்டுகளே என்பது அவருடைய சித்தாந்தம். வட்டப் பிரியர் என்று அவருக்கு நான் நாமகரணம் செய்திருக்கிறேன்.

அவர் கையாளுவது மாட்பிளாட்லிப் என்னும் நூலகம். ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் 2003-இல் உலகுக்கு வழங்கிய அந்தக் கருவியில் கோட்டுப்படம், பட்டைப்படம், சிதறல் படம், நிகழ்வுச் செவ்வகம் என்று எத்தனையோ வகைகள் கைகட்டி நிற்க, நம்மவர் அவற்றை ஏறிட்டும் பாராமல் நேரே பை சார்ட்டிடம் போய்விடுவார். அந்த நூலகம், சொல்லாமலே, முதல் துண்டை வலப்பக்கத்தில், அதாவது நிலப்படத்தில் கிழக்கு இருக்கும் திக்கில் தொடங்குகிறது என்று அறிந்த நாளில் அவர் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. ஆனால் அங்கிருந்து அது கடிகார முள்ளுக்கு எதிராக, கோயிலை அப்பிரதட்சணமாகச் சுற்றுவதுபோல் நகர்கிறது என்று கண்டதும் பதறிப்போய், ‘கவுண்டர்கிளாக்’ என்ற இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதிச் சாந்தி செய்த பிறகே மேற்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எண்கள் சரியா என்று பார்ப்பதில் மட்டும் அவருக்கு இத்தனை ஆசாரம் கிடையாது. மேலதிகாரியின் பிரிவுக்குரிய துண்டை ‘எக்ஸ்ப்ளோட்’ கொடுத்துச் சற்றே வெளியே இழுத்து, அதன் அடியில் நிழலும் விழச் செய்வதில் அவருக்கு நிகர் அவரேதான்.

சென்னையின் மாதவாரி மழையளவை ஒரு சமயம் பன்னிரண்டு துண்டாக்கினார். மழை எப்போது ஏறி, வடகிழக்குப் பருவத்தில் எவ்வளவு உயர்ந்து, பிறகு எப்படி வற்றியது என்று ஒரு கோடு ஒரே இழுப்பில் சொல்லியிருக்கக்கூடிய கதையில், ஆண்டின் தொடக்கமான ஜனவரியும் முடிவான டிசம்பரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகிவிட்டன.

இதைவிட விசேஷமானது சிற்றுண்டிச்சாலைக் கணக்கு. நூறு பேரை விசாரித்ததில் எழுபது பேர் காப்பி என்றார்கள், அறுபது பேர் தேநீர் என்றார்கள்; காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக இரண்டையும் ஆதரிக்கும் சமரச நோக்கினர் பலர் உண்டல்லவா? அவர் அந்த எண்களை அப்படியே வட்டத்தில் இட, எதைக் கொடுத்தாலும் முழு வட்டமாக நிரவிவிடும் சுபாவமுள்ள அந்த நூலகம், காப்பிக்கு 53.8 சதவீதம், தேநீருக்கு 46.2 சதவீதம் என்று கூசாமல் பாகப்பிரிவினை செய்து கொடுத்தது.

“சார், கூட்டினால் நூற்றுமுப்பது வருகிறதே?” என்று புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“வட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. நமக்கென்னம்மா ஆட்சேபம்?” என்றார்.

சம்பிரதாயத்துக்கு ஆதாரம் கேட்டால் அவர் வில்லியம் பிளேஃபேரைக் காட்டுவார். 1786-இல் வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வர்த்தகத்தை ஆண்டுகள்தோறும் கோடுகளாக ஓடவிட்ட அந்த ஸ்காட்லாந்துக்காரர், தம் சொந்த நாட்டுக்கு ஒரே ஓர் ஆண்டின் கணக்குத்தான் கிடைத்தது என்பதால் பட்டைகளாக வரைந்து, அது காலப்போக்கைக் காட்டாத மட்டமான படம் என்று தாமே குறைபட்டுக்கொண்டவர். கிடைத்த கணக்குக்குத் தக்க படம் என்ற இந்த விவேகம் நம் அன்பரைத் தொடவில்லை. 1801-இல் அதே பிளேஃபேர் துருக்கி சாம்ராஜ்யத்தின் பரப்பை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று ஒரு வட்டத்தில் மூன்றாகப் பிரித்தது மட்டும் தொட்டுவிட்டது. மூலபுருஷர் மூன்றோடு நிறுத்தியதை இவர் பதினேழாக விஸ்தரித்து, வானவில்லுக்கே தெரியாத வர்ணங்களைப் பூசி, எந்த வர்ணம் எந்த மாவட்டம் என்ற குறிப்பை ஓரத்தில் பொடியெழுத்தில் வைப்பார்.

மனிதக் கண் ஒரே அளவுகோலின்மேல் உள்ள இடங்களை ஒப்பிடுவதில் கெட்டி, கோணங்களை மதிப்பிடுவதில் மட்டு என்று கிளீவ்லாண்ட், மெக்கில் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1984-இல் சோதனை மூலமாகவே காட்டியிருப்பதை அந்தப் பெண் இன்னொரு நாள் எடுத்துரைத்தாள். “அவர்கள் நம் மேலதிகாரியின் கண்ணைச் சோதித்தார்களா, அம்மா?” என்று கேட்டார் அவர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அலுவலகப் படங்களில் பாதிக்குமேல் அந்த ஒரு ஜோடிக் கண்ணுக்காகவே வரையப்படுகின்றன என்பது என் அபிப்பிராயமும்கூட.

மேலிடத்து உத்தரவின் பேரில் ஒரேயொரு தடவை அவர் பட்டைப்படம் போட நேர்ந்தது. சென்ற ஆண்டின் விற்பனை 96, இந்த ஆண்டினுடையது 98. செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கினால் இரட்டைப் பிள்ளைகளாக நிற்கக்கூடிய அந்தப் பட்டைகளை, அச்சை 95-இல் தொடங்கி, ஒன்றுக்கு மற்றது மும்மடங்கு உயரமாக எழுப்பினார். சபை கரகோஷம் செய்தது. வட்டம் தெரிந்தவருக்குப் பட்டை பெரிதா என்ற கீர்த்தியும் சேர்ந்துகொண்டது.

வாசகர்களுள் எவருக்கேனும் இத்தகைய அன்பரோடு சகவாசம் வாய்த்தால், தயவுசெய்து தர்க்கத்தில் இறங்க வேண்டாம். படத்தைத் தாராளமாக மெச்சிவிட்டு, அதற்கு மூலமான அட்டவணையையும் கூடவே அனுப்பச் சொல்லுங்கள்.