பன்னிரண்டாவது சம்பளம்

கிரீன்வேஸ் சாலைக்குப் பறக்கும் ரயில் வராத 1993இல், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி முழுக்கக் கணினி மையம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நோட்டில் பெயர் எழுதி, நமக்கான ஒரு மணி நேரம் வரும்வரை பெஞ்சில் காத்திருப்போம். அந்தக் காலத்தில் சி படித்தவர்களுக்கு டர்போ சியின் நீலத் திரையும் மஞ்சள் எழுத்தும் இன்றும் கண்ணுக்குள் இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் டிரை ரன்: நோட்டில் கோடு கிழித்து ஐ, டோட்டல் என்று தலைப்பிட்டு, கம்ப்யூட்டர் செய்யப்போவதை நாமே பென்சிலால் செய்து பார்ப்பது. அந்தப் பெஞ்சை இன்றைக்கும் என் மனம் தேடுகிறது.

அன்று நான் எழுதியது சம்பளக் கணக்கு. தலைக்கு 2,750 ரூபாய், பன்னிரண்டு பேர். மொத்தம் கழித்தல் குறியோடு வந்து நின்றது. நாலு வரிக்கொரு பிரின்ட்எஃப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தபோது சார் பக்கத்தில் வந்து, கன்ட்ரோல் எஃப்7 அழுத்தி டோட்டலை வாட்ச்சில் சேர்க்கச் சொன்னார். திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டியில் அது வந்து உட்கார்ந்தது. “எஃப்8 அமுக்கறதுக்கு முன்னாடி என்ன வரும்னு நோட்ல எழுதுப்பா, அப்புறம் அமுக்கு.”

எழுதினேன், அமுக்கினேன். 2750, 5500, 8250... நான் எழுதியதும் அது காட்டியதும் ஒன்றாக வரவர உள்ளே ஒரு குளிர்ச்சி. பதினோராவது ஆளில் 30250. அடுத்து நான் எழுதியது 33000. பெட்டி காட்டியது -32536. அன்றைய இன்ட்டுக்கு 16 பிட். 32767க்கு மேல் இடமில்லை, தாண்டினால் -32768க்குப் போய் அங்கிருந்து மேலே ஏறும். புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண், கண்ணெதிரே உயிரோடு நடந்தது. இன்ட்டை லாங் ஆக்கினேன், சரியாயிற்று.

அதே பேட்டையில் இப்போது தம்பி மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மவுஸை மாறியின் மேல் வைத்தால் போதும், மதிப்பு மிதந்து வருகிறது. டோட்டல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மட்டும் நில் என்று பிரேக்பாயின்ட்டுக்கே நிபந்தனை போடுகிறாள்; ஆயிரம் சுற்றை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டாம், இது பெரிய வரம்தான். என் பழைய பிழையைச் சொன்னேன். “பைத்தான்ல முழு எண்ணுக்கு எல்லையே கிடையாது பெரியப்பா. சியில கூட இன்ட் இப்ப 214 கோடி வரைக்கும் தாங்கும்.”

பிறகு என்ன தோன்றியதோ, சியில் டோட்டலை ஷார்ட் என்று போட்டு, வாட்ச்சில் சேர்த்து, சுற்றைத் தொடங்கினாள். எஃப்8 இப்போது எஃப்10 ஆகியிருக்கிறது; வாட்ச்சுக்கு வாட்ச் என்றுதான் பெயர். 30250இல் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நேற்றைய காலண்டர் தாளைத் திருப்பி, பென்சில் வாங்கி, -32536 என்று எழுதிவிட்டு, அமுக்கச் சொன்னேன்.