புதுக் கிருமியின் வயசு

கேள்வி: எச்.எம்.பி.வி. என்று ஏதோ புது வைரஸாமே! கோட்டாறு சந்தைக்கும் சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் போகலாமா?
– ஒரு வாசகர், கோட்டாறு

பதில்: புதுசா? நெதர்லாந்துக்காரர்கள் 2001-லேயே கண்டுபிடித்துப் பெயர் வைத்தாயிற்று. பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தால், 1958-லேயே ஊர்சுற்றியிருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர் என்று செய்தி வந்ததும் டி.வி.க்காரர்கள்தான் அதற்கு மறுபடி பேர்சூட்டு விழா நடத்தினார்கள். தடுப்பூசி இல்லை, பெரும்பாலோருக்குச் சளி, இருமல், காய்ச்சலோடு போய்விடும். சந்தைக்குப் போங்கள். விலை கேட்க மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காதீர்கள். வைரஸ் பேரம் பேசாது. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இருமல் இருந்தால் திருவிழா வேண்டாம். சவேரியார் கோபிக்க மாட்டார். கைக்குழந்தைக்கோ முதியவருக்கோ மூச்சு வாங்கினால், கஷாயத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.