சொந்தப் பிள்ளைக்கு இரண்டாம் பந்தி

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவர் ஒருவர், வளாகங்கள் 10. டேவிஸில் படிக்கும் மாணவர் பெர்க்லிக்கு மாற ஒரு கடிதம் போதாதா? போதாது. புது ஆளைப் போலவே விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. முதல் முன்னுரிமை மாநிலத்துச் சமுதாயக் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு. (அது நியாயம்தான்; வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே வாசல்.) நிபந்தனைகளை நிறைவேற்றினால் 6 வளாகங்களில் அவர்களுக்கு இட உத்தரவாதமும் உண்டு. சொந்தப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. ஆக, பெர்க்லிக்குக் குறுக்குவழி, முதலில் அதன் உடன்பிறப்பிடம் சேராமல் இருப்பது!

இடம் கிடைத்தாலும் கணக்கு இருக்கிறது. டேவிஸில் காலாண்டுப் பருவம், பெர்க்லியில் அரையாண்டு. படித்து வாங்கிய 90 அலகுகள் அங்கே 60 ஆகும். கட்டிய பணம் மட்டும் கட்டியபடியே நிற்கும்.