எல்லா லிஸ்ட்லயும் நான் பச்சை

எய்யா, வா. திண்ணையில உக்காரு. கையில என்ன, பூத் வாரியா சாதிக் கணக்கா? மெட்ராஸ்ல படிச்ச பிள்ளை, கட்சிக்காரன் சம்பளம் குடுக்கான், பச்சை மஞ்சள் சிவப்புன்னு கலர் அடிச்சு வச்சிருக்கே. நம்ம வீட்டுக்கு என்ன கலர்? பச்சையா! உறுதியான ஓட்டுன்னு அர்த்தமா? ரொம்பச் சந்தோசம். போன வாரம் வந்த எதிர்க்கட்சிப் பையனும் எனக்குப் பச்சைதான் அடிச்சான். அதுக்கு முந்தி வந்தவனும் அதே. வீடு தேடி வந்தவன்கிட்ட இல்லைன்னு சொல்லுத பழக்கம் நம்ம பக்கம் கிடையாதுல்லா.

அம்பாசமுத்திரம் பக்கம் இன்ன சாதி, நாங்குநேரி பக்கம் இன்ன சாதின்னு நீ எழுதியிருக்கதுல பொய் இல்லை. ஆனா இதே கணக்கை வச்சுத்தானே எல்லாக் கட்சியும் ஆள் பிடிக்கான்? எந்தச் சாதி பெருசோ அந்தச் சாதியிலயே ஆளுக்கொருத்தரை நிறுத்திப்போடுதான். அப்புறம் சாதிக்காரன் சாதிக்காரனுக்குப் போட்டான்னா, எந்தச் சாதிக்காரனுக்குன்னு கேக்கணுமா இல்லையா? சீட்டு வாங்கத்தான்யா சாதி. ஜெயிக்கதுக்கு வேற என்னமோ வேணும்.

2019 நாங்குநேரி இடைத்தேர்தல்ல தேவேந்திரகுல வேளாளர் ஊர்கள் பல ஒண்ணாத்தான் நின்னுது. எதுக்கு? சாதிப் பெயரை அப்படி மாத்தணும்னு கேட்டு, ஓட்டே போடமாட்டோம்னு. அந்த ஊருக்கெல்லாம் நீ என்ன கலர் அடிப்பே? பெயர்ச் சட்டம் 2021-ல வந்துட்டு. கலர் பென்சில்தான் இன்னும் வரல.

சரி, நம்ம டவுனு பாளையங்கோட்டையெல்லாம் சேந்த எம்.பி. தொகுதியை எடுத்துக்கோ. 2009-ல கை, 2014-ல ரெட்டை இலை, 2019-ல உதயசூரியன், 2024-ல திரும்பவும் கை. இதுல யார் கோட்டைன்னு உங்க தலைவரு மைக்ல பேசுதாருன்னு எனக்கு விளங்கல. நயினார் நாகேந்திரனைப் பாரு. 2001-லயும் 2011-லயும் திருநெல்வேலி எம்.எல்.ஏ. தொகுதியில இலையில நின்னு ஜெயிச்சாரு. 2006-ல 606 ஓட்டுல போச்சு, 2016-ல 601 ஓட்டுல போச்சு. ரெண்டு தடவையும் எதிர்த்து நின்னது உதயசூரியன்தான். 2021-ல தாமரையில நின்னா, ஜெயிக்க வச்சுட்டாங்க. சரி, திருநெல்வேலி தாமரைக்குத் திரும்பிட்டுன்னு எல்லாரும் எழுதினான். 2024-ல அதே மனுசன் எம்.பி.க்கு நின்னாரு, காங்கிரசு ராபர்ட் புரூஸ்கிட்ட ஒண்ணரை லட்சத்துக்கு மேல வித்தியாசம். 1989-ல ஜானகியம்மா அணி தமிழ்நாடு முழுக்கக் கவுந்து, அந்தம்மாவே ஆண்டிபட்டியில தோத்தாங்க. ஆனா சேரன்மகாதேவிக்காரன் அந்த அணி பி.எச்.பாண்டியனை ஜெயிக்க வச்சு அனுப்பினான். எந்தக் காத்துக்கு எந்த மரம் ஆடும்னு நீ மெட்ராஸ்ல இருந்து சொல்லுதே!

இன்னொண்ணு கவனிச்சியா? செல்லப்பாண்டியன், பி.எச்.பாண்டியன், ஆவுடையப்பன், அப்பாவு, நாலு பேரும் நம்ம ஜில்லாக்காரங்க. நாலு பேரும் சட்டசபையில சபாநாயகரா இருந்தவங்க. வீட்டுல, டீக்கடையில, ஆத்துப் படித்துறையில ஓயாமப் பேசுத சனம் நாம. நம்மள்ல ஒருத்தனைப் பிடிச்சு 'உக்காருங்க, உக்காருங்க'ன்னு சொல்லுத நாற்காலியில போட்டா நல்லா வேலை நடக்கும்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு.

அந்த அப்பாவு கதைதான் உனக்கு முக்கியம். 2016-ல ராதாபுரத்துல 49 ஓட்டுல தோத்தாரு. 49! திசையன்விளை மினிபஸ் ஒண்ணு நிறைஞ்ச கூட்டம். 203 தபால் ஓட்டைச் செல்லாதுன்னு தள்ளிட்டாங்கன்னு கோர்ட்டுக்குப் போனாரு. நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் போட்ட கையெழுத்து செல்லுமா செல்லாதாங்கதுதான் வழக்கு. மூணு வருசம் கழிச்சு, 2019 அக்டோபர்ல ஐகோர்ட்டு சொல்லி திரும்ப எண்ணினாங்க. எண்ணினதை வெளிய சொல்லக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுட்டு. அதுக்குள்ள அவரை ஜெயிச்ச இன்பதுரை அஞ்சு வருசத்தையும் முடிச்சு, அடுத்த எலெக்சனே வந்து, அப்பாவு ஜெயிச்சு சபாநாயகராவும் ஆயிட்டாரு. உன் கணக்குல அந்த 49 பேரு எந்தக் கலரு?

ஓட்டுக்குக் காசுக் கவர் குடுத்தவனுக்கும் மிசினுக்கும் நடுவுல ஒரு அட்டை மறைப்பு நிக்குல்லா, அதுக்கு அந்தப் பக்கம் கலர் அடிக்க எவனும் பொறக்கல. வாங்கினவன் எல்லாம் குடுத்தவனுக்கே அமுக்கியிருந்தா, பணக்காரன் ஒருத்தனாவது தோத்திருப்பானா? எல்லாக் கட்சி லிஸ்ட்லயும் நான் பச்சையா இருக்கேன். உள்ள போனா என் விரலுக்கும் எனக்கும்தான் தெரியும். உன் பாட்டிக்கே இன்னைக்கு வரை சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை, அது வேற விசயம்.

இப்ப அந்த லிஸ்டைக் கொண்டா. நம்ம வீட்டு நம்பர்ல அஞ்சாவது பேரு யாரு, வாசி. நீதானே? போன தடவை எங்க இருந்தே? ஊரான் ஓட்டையெல்லாம் எண்ணிக்கிட்டு மெட்ராஸ்ல. பேரை அங்கயும் மாத்தல, இங்கயும் வரல. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு 60 நாளைக்கு முந்தியே டிக்கெட் திறக்கான். தேதி அறிவிச்ச அன்னைக்கே போட்டு வைலே.