மூணே கார்ட், சார்!

"மூணே கார்ட், சார். ஒரே வாரத்துல பாட்டு வாசிச்சிடலாம்" என்றார் கிடார் மாஸ்டர். ஜி, சி, டி. எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. என் விரல்கள் ஜி-யிலிருந்து சி-க்குக் குடிபெயர்வதற்குள், கூடப் பாடும் மகள் பல்லவியை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

'இளைய நிலா' வேண்டும் என்றேன். 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து கிடார் வாங்குகிற தமிழன் எவனும் கேட்பதுதானே! மாஸ்டர் சிரித்தார். அவ்வளவுதான், பதில் வரவில்லை.

இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. இட்லித் தட்டை இப்போது துணியில்லாமலே எடுக்கிறேன். வீட்டுக்கு இதுவரை கிடைத்த ஒரே லாபம்.

அப்புறம் வந்தது எஃப். ஆட்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்த வேண்டுமாம். அழுத்தினேன். ஐந்து கம்பி மௌன விரதம். ஆறாவது, வால் மிதிபட்ட பூனை. அன்றிலிருந்து எஃப் வராத பாட்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பா, இதுலயும் எஃப் இருக்கே!"

"அந்த இடத்துல நீ கொஞ்சம் சத்தமாப் பாடும்மா."