பழி அழிவின்மை விதி: பல்துறைக் கூட்டு புராஜெக்டுகள் குறித்த ஓர் ஆய்வு

மெக், ட்ரிபிள் ஈ, ஈ.சி.ஈ., சி.எஸ். மாணவர்கள் நால்வர் கூடி விதை விதைக்கும் ரோபோ செய்வது நம் பொறியியல் கல்லூரிகளின் நெடுநாள் மரபு. அவ்வாறு விதைத்தது எங்காவது முளைத்ததா என்பது வேளாண் துறையினரின் கவலை. ரோபோ ஓடாதபோது எழும் பழி எவ்வழியே பயணிக்கிறது என்பதே நம் ஆய்பொருள்.

முன்னோர் கருத்தைப் பார்த்துவிடுவோம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் 1913-இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனையின்படி, 8 பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குப் பாதிப் பலம்தான் தேறும். இது நமக்குப் பொருந்தாது. அவருடைய சோதனையில் எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். நம் குழுவிலோ மோட்டார் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனவர் முதல் ரிவியூ முடிந்த பிறகே தட்டுப்படுகிறார்.

இனி தரவு. களம்: ரிவியூவுக்கு முந்தின இரவு, ஹாஸ்டல் வராந்தா. சுவிட்சைப் போட்டதும் ரோபோ ஒரு விரற்கடை நகர்கிறது. ஆர்டுயினோ போர்டின் விளக்கு அணைந்து எரிகிறது. மறுபடி ஒரு விரற்கடை.

"கோடு திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஓடுது மச்சி" என்கிறார் மெக்.

"போர்டு ரீசெட் ஆனா கோடு என்னடா பண்ணும்?" இது சி.எஸ்.

"பேட்டரி வோல்டேஜ் விழுது, போர்டைச் சொல்லாத" என்கிறார் ஈ.சி.ஈ.

"இவ்ளோ வெயிட்டை ஏத்துனா விழாம? சேஸிஸ் யாரு செஞ்சது?" என்கிறார் ட்ரிபிள் ஈ.

பழி சுற்றிவந்து மெக்கிடமே சேர்ந்துவிட்டது. இதில் வியப்பு, நால்வர் சொன்னதும் மெய். இரும்புச் சட்டத்தின் எடையால் மோட்டார் கிளம்பும்போது கரன்ட்டை வாரி இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, போர்டு மயங்கி எழுந்து, கோடை மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறது. மோட்டாருக்குத் தனி பேட்டரி போட்டு, இரண்டு கிரவுண்டையும் ஒரு ஒயரால் இணைத்தால் வேலை முடிந்தது. அந்த ஒயர் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை.

ஆகவே விதி: பழியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்கு மாற்றலாம். பெரிய இடத்திலும் இதே கதைதான். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999-இல் காணாமற்போனது. ஒரு குழு பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை மற்றொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டிருந்தது. தனித்தனியே பார்த்தால் இரு தரப்பிலும் கூட்டல் கழித்தலில் பிழையில்லை.

நம் குழுவினர் நாசாவைவிடச் சமயோசிதம் மிக்கவர்கள். மறுநாள் ரோபோவை ஓர் அட்டைப்பெட்டியின் மேல் தூக்கி வைத்துவிடுகிறார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் ஜோராகச் சுற்றுகின்றன. சுமையில்லாத மோட்டாருக்கு என்ன குறை? தேர்வாளரும் தலையாட்டுகிறார். அவரும் ஒரு காலத்தில் பெட்டி வைத்தவராக இருக்கலாம்.

இவ்விதி புகழுக்குப் பொருந்தாததை வருங்கால ஆய்வாளர்கள்தாம் விளக்க வேண்டும். போட்டியில் மூன்றாம் பரிசு கிடைத்துவிட்டால் நான்கு துறை வாசலிலும் ஃபிளெக்ஸ் எழுகிறது. ஒவ்வொன்றின்படியும் முழு ரோபோவும் அந்தத் துறையின் படைப்பே. ஐந்தாவதாக சிவில் துறையும் ஒன்று வைக்கிறது. ரோபோ நின்றுபோனது அவர்கள் தரையில்தானே!